நலங்கு வைக்காமல் போனவர்களுக்கு

அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நலங்கு வைத்தவர்களைச் சொல்கிறேன்.

மாமி, தாய்மாமன் சம்சாரம். அவர்தான் முதல்.

பெரியம்மா.

உடப்புசல்லாவையில் இருந்து பஸ் மாறி மாறி வந்த அத்தை.

சின்னம்மா. இடுப்பில் கைப்பிள்ளை.

அண்ணி. அந்த வீட்டுக்கு அப்போதுதான் வாழ வந்தவர்.

கங்காணி வீட்டம்மா.

பிள்ளைக்காம்பரா ஆயா. நம்மில் பாதிப்பேரைத் தொட்டிலில் ஆட்டியவர்.

மருத்துவச்சி.

பூசாரி வீட்டம்மா.

கடைக்காரர் சம்சாரம்.

கடைசியாக என் அம்மா.

இவர்களில் இன்று இருப்பது அந்த அண்ணி மட்டும். அவருக்கும் கண் தெரியாது. மற்றவர்கள் மண்ணுக்குப் போய்விட்டார்கள். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் என் தங்கச்சி மகள் சடங்குக்கு நீங்களும் தாம்பாளத்தோடு வந்தீர்கள். நலங்கு நடந்த விதம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. சிலர் சாப்பிடாமல் போனீர்கள். ஒருவர் வாசலில் நின்று கேட்டார்: "எங்க கையில என்னா குஷ்டமா இருக்கு?"

அப்போது நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வாயால் சொல்ல வராது. சொன்னாலும் நடுவில் மறிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டவளைக்கு மேலே அந்த லயம், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். உங்களுக்குத் தெரியும். கடைசிக் காம்பரா நான் சொல்லப்போகும் பிள்ளையின் வீடு. அதற்கு முந்தியது எங்களுடையது. நடுவில் ஒரு சுவர். அது கூரை வரைக்கும் போகாது. அவர்கள் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம்.

அவளை எல்லாரும் கடைசிக் காம்பராப் புள்ள என்பார்கள். எங்கள் இருவரையும் சேர்த்துச் சொன்னால் ஊமைக்கோட்டானுக. எனக்குப் பேச்சு குறைவு. அவளுக்கு இன்னும் குறைவு. முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். பேசினால் காதைப் பார்ப்பாள், இல்லையென்றால் சட்டைப் பொத்தானைப் பார்ப்பாள்.

தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சங்கு ஊதும் முன்பே அவள் காதைப் பொத்துவாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஊதுறதுக்கு முன்னாடி அது மூச்சு வாங்கும்."

எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நம்பினேன். அன்றிலிருந்து அவள் காதைப் பொத்தினால் நானும் பொத்துவேன். எங்கள் சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாள் ஞாபகம் இருக்கிறதா? கிழிந்த துண்டுகளை ஸ்டோருக்குப் பின்னால் வீசுவார்கள். நாங்கள் பொறுக்குவோம். அதைக் கல்லின் மேல் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் தேய்ப்பாள். சுருக்கம் போய்க் கண்ணாடிபோல் ஆகும். நகத்துக்கு அடியில் கறுப்பு ஏறிவிடும்.

"மொகம் பாக்குறியா?"

"இல்ல. சுருக்கம் போயிருச்சான்னு பாக்குறேன்."

நான் ஒரு துண்டைத் தேய்ப்பேன். அவள் ஒரு துண்டைத் தேய்ப்பாள். பொழுது சாயும். பேச்சு இருக்காது. மற்றப் பிள்ளைகள் பந்து அடிக்கிற சத்தம் கீழே கேட்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்பாவிடம் ஒரு கறுப்புக் கம்பளி இருந்தது. மழையில் மலைக்குப் போர்த்திப் போவார். இப்போது அந்தக் கம்பளி எங்கும் இல்லை, எல்லாரும் பொலித்தீன் போடுகிறோம். அது நனைந்தால் ஓர் ஆட்டைத் தூக்கிச் சுமப்பதுபோல் கனக்கும். ஆட்டு வாடைதான் அடிக்கும். அவளுக்கு அந்தக் கனம் பிடிக்கும். தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் அவள் தோள் கீழே இறங்கும். மற்ற நேரம் தோள் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

வெறும் ரொட்டிதான் தின்பாள். தேங்காய்ச் சம்பல் பட்ட ரொட்டியைத் தள்ளி வைப்பாள். "தொரை வீட்டுல பொறக்க வேண்டியவ, தவறி நம்ம வீட்டுல வந்து பொறந்துட்டா," என்பார் அவளுடைய அம்மா. திட்டிக்கொண்டே அவளுக்கு என்று தனியாக ஒரு ரொட்டியைச் சம்பல் படாமல் எடுத்து வைப்பார். அதையும் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் கங்காணி மகளும் அவள் கூட்டாளிகளும் ஒரு பெஞ்சு. அவர்களோடு சேர வேண்டும் என்று இவளுக்கு ஆசை. எனக்கு அந்த ஆசை இல்லை. இவளுக்கு இருந்தது. கங்காணி மகள் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரிப்பாள், குலுங்கி. அதை இவள் கம்பளிக்குள் இருந்து பழகினாள்.

"சரியா இருக்கா?"

"எது?"

"சிரிப்பு."

"வேணாம்டி."

"தல கூட சாயணும். எந்தப் பக்கம் சாய்ப்பா அவ?"

நான் வலப்பக்கம் என்றேன். மறுபடி சிரித்தாள். சிரிப்பு முகத்தில் நின்றது. கண்ணில் ஒன்றும் இல்லை.

அந்தப் பெஞ்சில் அவளை உட்கார விட்டார்கள். எதற்கு என்றால் விளையாட்டுக்கு. "டீச்சர்கிட்ட போய், ஒங்க சேலை கிழிஞ்சிருக்குன்னு சொல்லு. டீச்சருக்கு சந்தோஷமா இருக்கும்" என்பார்கள். இவள் போய்ச் சொல்வாள். டீச்சர் வெளியே நிறுத்துவார். பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். வெளியே நின்றபடி இவளும் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள், சரியாக. டீச்சர் அவளுடைய அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்: "ஒங்க புள்ளைக்குக் கொழுப்பு."

அந்த நாட்களில் சாயங்காலம் சுவரில் ஓசை கேட்கும். தொம். கொஞ்சம் விட்டு, தொம். அவள் தலையால் முட்டுகிறாள். எங்கள் பக்கம் சுண்ணாம்பு உதிரும். "அடியேய், நிறுத்துடி, செவுரு ஒங்கொப்பன் கட்டுனதா?" என்று அவளுடைய அம்மா கத்துவார். நான் என் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் உள்ளங்கையால் தட்டுவேன். அவள் ஒன்று முட்டினால் நான் ஒன்று தட்டுவேன். கொஞ்ச நேரத்தில் முட்டுவது நின்று, அவளும் கையால் தட்டுவாள். பிறகு அதுவும் நின்றுவிடும். தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அவள் பெரிய பிள்ளையானாள். ஆடி மழை.

தாய்மாமன் வந்து இஸ்தோப்பில், அந்த முன்திண்ணை மூலையில் குடிசை கட்டினார். சவுக்குக் கிளை, மேலே மானாப் புல். பச்சை வாடை. பாயும் தனித் தட்டும் தனிக் கோப்பையும் வைத்தார்கள். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கப் பாயின் தலைமாட்டில் அவளுடைய அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்தார்கள். நம் எல்லாருக்கும் அப்படித்தான் வைத்தார்கள்.

தீட்டு என்று யாரும் அவளைத் தொடக்கூடாது. துணைக்கு இன்னும் பெரிய பிள்ளையாகாத ஒருத்தி வேண்டும். பக்கத்து வீட்டில் நான் இருந்தேன். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றார்கள். கம்பளியைக் கொண்டுபோனேன். சந்தோஷமாகப் போனேன்.

குடிசைக்குள் அவள் வேறு ஆள். தோள் இறங்கியே இருந்தது. மழை புல்லில் விழும், சத்தம் உள்ளே மெத்தென்று வரும். வெளியில் ஆட்கள் போனாலும் அவர்கள் கால்தான் தெரியும், முகம் தெரியாது. தட்டு எப்போதும் ஒரே தட்டு. உளுந்தங்களி மட்டும்தான் சண்டை. அதை நான் தின்றுவிட்டு, என் ரொட்டியை அவளுக்குக் கொடுப்பேன். நான் கொழுத்தேன்.

அங்கேதான் அவள் பேசினாள். அடைமழைபோல் பேசினாள். பெட்டி எப்படிச் செய்கிறார்கள், ஆணி எங்கே அடிக்கிறார்கள், ஈயத்தாள் எங்கே மடிகிறது, ரயில் வட்டவளைக்கு ஏறும்போது ஏன் குரல் மாறுகிறது, எல்லாம். ஒருநாள் நான் அவள் தலையில் இருந்த புல்லை எடுத்தேன். நடுங்கினாள்.

"மெதுவா தொடாத."

"ஏன்?"

"மெதுவா தொட்டா எறும்பு ஊருது. அழுத்தித் தொட்டா கை. சொல்லிட்டுத் தொடு."

"தொடட்டா?"

"தொடு."

அழுத்தித் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சிரித்தாள். தலை சாயவில்லை. அவள் சிரிப்பே அப்போதுதான் எனக்குத் தெரியும். மூக்கால் ஒரு காற்று வரும், அவ்வளவுதான்.

அதே நாள், இல்லை அடுத்த நாள், அவள் சொன்னாள்:

"நான் எப்பவும் தீட்டாவே இருக்குறேன்."

"எப்பிடி?"

"இப்பிடியே. யாரும் தொட மாட்டாங்க. நீ மட்டும் சொல்லிட்டுத் தொடு. நாம இங்கயே இருந்துருவோம்."

நான் சரி என்றேன். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

வெளியே மாமி நின்றிருந்தார். களி கொண்டுவந்தவர். அப்படியே திரும்பிப் போனார். அடுப்படியில் அவர் அவளுடைய அம்மாவிடம் பேசுவது கேட்டது. அந்த லயத்தில் எந்தச் சுவரும் கூரை வரை போகாது.

"அண்ணி, ஊமைக்கோட்டான் வாய்நெறயப் பேசுது."

"பேசட்டுமே. பேசலன்னுதான நேர்ந்துக்கிட்டேன்."

"என்னா பேசுதுன்னு கேளுங்க. எப்பவும் தீட்டாவே இருக்கணுமாம். எந்தப் பொண்ணு அப்பிடிக் கேக்கும்? சிரிக்குது வேற. இது ஒங்க புள்ள சிரிப்பு இல்ல அண்ணி. வேற யாரோ சிரிக்கிறாங்க."

அவளுடைய அம்மா அடுப்பை ஊதுவது கேட்டது. பிறகு அழும் சத்தம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை பிறந்ததில் இருந்து முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் பேய் என்றார்கள்.

பதினாறாம் நாள் சடங்கு. விடிந்ததும் ஸ்பீக்கர் கட்டினார்கள். சவுக்கு மரத்தில் ஒன்று, லயத்துக் கூரையில் ஒன்று. கூரையில் கட்டியது குடிசைக்கு நேர் மேலே. பாட்டுப் போட்டதும் தகரம் அதிர்ந்தது. அவள் கம்பளிக்குள் போய்விட்டாள். மாமி அதைப் பிடுங்கினார்.

"நல்ல நாளும் அதுவுமா கறுப்பைப் போத்திக்கிட்டு! எவ கொண்டாந்தா இத?"

நான்தான் என்றேன். கம்பளியை எங்கள் வீட்டுக்குள் எறிந்தார்கள். குடிசையைப் பிரித்துத் தாய்மாமன் கீழே கொண்டுபோய்க் கொளுத்தினார். ஈரப் புல், புகைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் ஊற்றிப் பட்டுச் சேலை கட்டினார்கள். சரிகை கழுத்தில் குத்துகிறது என்று சொன்னாள். பொம்பளைப் பிள்ளைக்குக் குத்தத்தான் செய்யும் என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்புத்தான்.

மணையில் உட்கார வைத்து நலங்கு. நெற்றியில் ஒன்று, இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. பூப்போல வைக்க வேண்டும் என்பது வழக்கம். எல்லாரும் பூப்போலத்தான் வைத்தார்கள்.

மாமி கை வரும்போது அவள் சொன்னாள்: "தொடாதீங்க மாமி." மரியாதையாகத்தான் சொன்னாள். ஸ்பீக்கர் சத்தத்தில் எனக்கே உதடு அசைந்ததுதான் தெரிந்தது. பெரியம்மாவிடமும் சொன்னாள். அத்தையிடமும் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். கண் ஸ்பீக்கரைப் பார்த்தது. தலை மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. சிரித்தாள். கங்காணி மகளின் சிரிப்பு.

"பாத்தீங்களா, வெக்கத்த," என்றார் கடைக்காரர் சம்சாரம்.

கடைசியாக என் அம்மா வைத்தார். நெற்றி. ஒரு கன்னம். மறு கன்னத்தில் கை பட்டதும் அவள் வாயைத் திறந்து அந்தக் கையைக் கடித்தாள். விடவில்லை. அம்மாவின் கண்ணாடி வளையல் உடைந்தது. விட்டபோது அவள் வாயில் ரத்தமும் மஞ்சளும். அப்புறம் கத்தினாள். ஸ்பீக்கரைத் தாண்டிக் கேட்டது. பாட்டை நிறுத்தினார்கள். அப்போதும் கத்தினாள்.

"சொன்னேன்ல," என்றார் மாமி.

பூசாரி பந்தியில் இருந்தார். பாதிச் சோற்றில் எழுந்து வந்தார். இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். திருநீறு அடித்தார். உடுக்கையை அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தார், பேய்க்குக் கேட்க வேண்டும் என்று. நான் என் காதைப் பொத்தினேன். அவளுக்குப் பொத்தக் கை இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் அப்படியே அடங்கிப்போனாள். கண் திறந்திருந்தது. கையை விட்டார்கள், கை விழுந்தது.

"எறங்கிருச்சு," என்றார் பூசாரி. "குடிசையில கூட இருந்த புள்ளைக்கும் ஒரு கயித்தக் கட்டுங்க. ரெண்டு பேரும் இனிமே ஒண்ணா இருக்கக் கூடாது. ஒண்ணவிட்டு ஒண்ணு தாவும்."

எனக்குக் கயிறு கட்டினார்கள். என் பாயை அடுத்த மூலைக்கு மாற்றினார்கள். சுவர்ப் பக்கம் விறகு அடுக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். முப்பத்து மூணு. சோறு வைத்தால் முப்பத்து மூணு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் முப்பத்து மூணு. சுவருக்கு மேலால் எனக்கும் கேட்டது.

பெரியவர்கள் பூசாரியிடம் ஓடினார்கள். அவர் கண்ணை மூடித் திறந்தார். "எண்ணிக்கை கேக்குது. எலுமிச்சம்பழம். குடுத்துருங்க, போயிரும்."

தாய்மாமன் நுவரெலியா சந்தைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். மழைக்காலம், விலை ஏறிக்கிடந்தது. முனியாண்டி முன்னால் வரிசையாக வைத்து வெட்டினார்கள். நானும் தள்ளி நின்று பார்த்தேன். எலுமிச்சை புளிப்பு காற்றில் ஏறியது. அன்று நலங்கு வைத்தவர்கள்தான் சுற்றி நின்றார்கள். மாமி, பெரியம்மா, அத்தை என்று வரிசையாகப் பார்த்தேன். கடைசியில் அம்மா, கையில் துணி சுற்றிக்கொண்டு. அப்போது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல்.

"அம்மா, அது பழம் கேக்கல. அது நலங்குக் கணக்கு. நீங்க எல்லாரும் அவளைத் தொட்ட கணக்கும்மா. ஆளுக்கு மூணு. அவளுக்கு மெதுவாத் தொட்டா ஆகாது. அதத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா."

அம்மா என் வாயைப் பொத்தினார், காயமில்லாத கையால். "யார்கிட்டயும் இத சொல்லிறாத. ஒன்னையும் புடிச்சிருக்குன்னு சொல்லிருவாளுக." அம்மா அடிக்கவில்லை. பயந்தார். இப்போது நினைத்தால், நான் சொன்னதை அவர் நம்பினார் என்றே படுகிறது. நம்பினதால்தான் பயம்.

எலுமிச்சை வெட்டிய பிறகு அவள் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஊரே பூசாரியைப் புகழ்ந்தது.

விறகை ஒதுக்கிச் சுவரில் தட்டிப் பார்த்தேன். பதில் இல்லை. முட்டும் ஓசையும் இல்லை. அதுவும் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் சாப்பிடவில்லை. மூலையில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தலையில் பேன் வைத்தது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனார்கள். "ரத்தம் இல்ல" என்று ஒரு சிவப்பு டொனிக் கொடுத்தார்கள். "வயசுப் பிள்ளைங்களுக்கு வர்றதுதான், கலியாணம் பண்ணுனா சரியாயிரும்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். டொனிக் போத்தல் ஜன்னலில் இருந்தது. வெயில் பட்டால் சுவரில் சிவப்பாக விழும். அதை மட்டும் பார்ப்பாள் என்று அவளுடைய அம்மா என் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

ஒருநாள் எல்லாரும் பெரட்டுக்குப் போய், அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்து, மலைக்கு ஏறிய பிறகு, நான் பள்ளிக்கூடம் போகாமல் திரும்பினேன். அன்று மழை இல்லை. அப்பாவின் கம்பளி கொடியில் கிடந்தது. தண்ணீரில் நனைத்துப் பிழிந்தேன், கனம் வேண்டும் என்று. எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் போனேன்.

"போத்தட்டா?"

பதில் இல்லை. வேண்டாம் என்றும் இல்லை. நின்றேன். ஸ்டோர் சங்கு ஊதி முடிந்தது. அவள் காதைப் பொத்தவில்லை. அதற்கும் பிறகு, வெகுநேரம் கழித்து, கண்ணை மூடித் திறந்தாள். போர்த்தினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். வெறும் ரொட்டியைப் பிட்டு அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். கம்பளிக்குள் இருந்து கை வந்தது. ரொட்டி உள்ளே போனது.

அப்படிச் சில நாள் போனேன். தோள் இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் ஈயத்தாள் ஒன்றைக் கொடுத்தேன். நகத்தால் தேய்த்தாள்.

மாமி கண்டுவிட்டார். சாமான் எடுக்க நடுவில் வீட்டுக்கு வந்தவர். என் தலைமயிரைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். "மறுபடியும் இவ வந்துட்டாடி!" லயமே கேட்டது. அன்று சாயங்காலம் இரண்டு வீட்டு ஆம்பளைகளும் இஸ்தோப்பில் பேசினார்கள். ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டையும் பிரிக்கச் சுவர் போதாது. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். நல்ல குடும்பம். மூன்று வேளைச் சாப்பாடு.

ரயில் ஸ்டேஷனுக்கு அவளைத் தாய்மாமன் கூட்டிப் போனார். மழை. கம்பளி அவள் மேல்தான் இருந்தது. யாரோ எடுக்கப் போனார்கள். என் அப்பா, "கெடக்கட்டும்," என்றார். அந்த மழைக்காலம் முழுக்க அப்பா சாக்கைப் போர்த்திக்கொண்டுதான் மலைக்குப் போனார். என்னிடம் அதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாசலைத் தாண்டும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. எங்கள் சுவரைக் கடக்கும்போது உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். நான் வீட்டுக்குள் இருந்தேன், கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே இருந்து நானும் தட்டினேன். கேட்டதோ என்னமோ.

ஒரு தீபாவளிக்குத் தாய்மாமன் பார்க்கப் போனார். அந்த வீட்டம்மா, அவள் சொல்லாமல் போய்விட்டாள் என்றாராம். எங்கே என்று தெரியாது. போலீசுக்கு யாரும் போகவில்லை. சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார்கள். அவளுடைய அம்மா சாகும் வரைக்கும் ஒரு ரொட்டியைச் சம்பல் படாமல் எடுத்து வைத்தார். என் அம்மா கைத் தழும்பை மறைத்ததே இல்லை.

இருந்தால் அவளுக்கு என் வயது.

இனித் தங்கச்சி மகள்.

போன வருஷம் அவள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் அவள் பேசுவதுபோல் பேசி, அதைப் போனில் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். தங்கச்சி கயிறு கட்டத்தான் கிளம்பினாள். நான் நுவரெலியா கிளினிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். நானும் போனேன். டாக்டரம்மா வெகுநேரம் பேசினார். ஆட்டிசம் என்றார். பேய் இல்லை, திமிர் இல்லை, வளர்ப்பும் இல்லை, பிறப்பு என்றார். மனசு உடைந்தது வேறு, அதற்கு மருந்தும் பேச்சும் உண்டு என்றார்.

"அக்காவும் சின்னதுல இப்பிடித்தான் டாக்டர்," என்றாள் தங்கச்சி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அவர் பொத்தானைப் பார்த்தேன். அவர் மேலே கேட்காமல் பேனாவை மூடினார். நானும் கேட்கவில்லை.

கிளினிக்கில் ஹட்டன் பிள்ளை ஒருத்தி இவளுக்குப் பழக்கமானாள். அதே வயது, அதே மாதிரி. இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் எழுதிப் பேசிக்கொள்ளும். "வாய் இருக்குல்ல ரெண்டுக்கும்?" என்பாள் தங்கச்சி. இருக்கட்டும் என்பேன். இவள் மறுபடி சாப்பிட்டதும் பள்ளிக்கூடம் போனதும் அந்தப் பிள்ளை வந்த பிறகுதான். சடங்கன்று மணைக்குப் பக்கத்தில் இருந்ததும் அந்தப் பிள்ளைதான். அது காதில் பெரிதாக ஹெட்போன் போட்டிருந்தது பாட்டுக் கேட்க இல்லை, சத்தம் கேட்காமல் இருக்க. நீங்கள் மரியாதை தெரியாத பிள்ளை என்றீர்கள்.

நலங்கு பற்றி முதல் நாளே பேசினோம். தங்கச்சி, "பதினோரு பேராவது வைக்கணும்க்கா," என்றாள். அந்த எண்ணைக் கேட்டதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து, "புள்ளகிட்ட கேளு," என்றேன்.

கேட்டாள்.

"ஒருத்தர்," என்றாள் பிள்ளை. "ஒரு தடவ."

"யாரு, அம்மாவா?"

"பெரியம்மா."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் தாலி இறக்கிப் பதினைந்து வருஷம். நல்ல காரியத்தில் பின்வரிசையில் நிற்பவள். நீங்கள் வாசலில் பேசியது அதைப் பற்றியும்தான், எனக்குத் தெரியும்.

"நான் வைக்கக் கூடாதும்மா," என்றேன்.

"ஏன்? நீங்கதான் கேட்டுட்டுத் தொடுவீங்க. அழுத்தித் தொடுவீங்க. மத்தவங்க தொட்டா ஊருது."

நான் இவளுக்கு எறும்புக் கதையைச் சொன்னதே இல்லை.

தங்கச்சி அழுதாள். அம்மாவை விட்டுவிட்டுப் பெரியம்மாவா என்று ஒரு அழுகை. விதவை கையா என்று ஒரு அழுகை. இரண்டும் நியாயம்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வைங்கக்கா. எவ என்னா சொன்னாலும் வைங்க," என்றாள்.

வைத்தேன். நீங்கள் பார்த்தீர்கள். ஸ்பீக்கர் இல்லை. "தொடட்டா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். மஞ்சளை நெற்றியில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினேன். அவள் தோள் இறங்கியது. மூக்கால் ஒரு காற்று வந்தது. பக்கத்தில் இருந்த ஹட்டன் பிள்ளை போனில் ஏதோ எழுதிக் காட்டினாள்.

நீங்கள் தாம்பாளத்தோடு நின்றது எனக்கும் கஷ்டம்தான். உங்கள் கையில் குஷ்டம் இல்லை. அன்று வைத்தவர்கள் கையிலும் இல்லை. கோபம் தீர்ந்தால் வாருங்கள், சாப்பாடு பாக்கி இருக்கிறது.

கடைசிக் காம்பராப் பிள்ளையைத் தொட்டது, முப்பத்து மூன்று தடவை.

இவளைத் தொட்டது, ஒன்று.